நான்காம் சுற்றில் வந்த பெயர்

அத்தியாயம் 17

பிரெண்டனுக்குப் பள்ளிக்கூடத்தில் உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம் ஸெம்பா வீட்டை விட்டு இன்னும் போகவில்லை. நொண்டி நொண்டி நடந்தாலும் மகன் மறுபடியும் மைதானத்துக்குப் போகிறான் என்பதே டோரீனுக்குப் போதுமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே சனிக்கிழமையும் விடிந்தது. அவள் கணவர் நார்பர்ட் காலையிலேயே தன் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கார் ஷெட்டைப் பெருக்கி, டி.வி.யை மரப்பெட்டி மேல் தூக்கி வைத்துவிட்டார். நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர் அவர். குளிர்காலம் முழுக்க ராத்திரி பகல் பாராமல் உழைத்தவருக்கு, ஏப்ரல் கடைசியில் வரும் இந்த மூன்று நாள்தான் பண்டிகை.

கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம், ஆடி முடித்த பையன்களை நாட்டின் அத்தனை தொழில்முறை அணிகளும் வரிசை போட்டு ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் அவை. அவர்கள் ஊரான லாக்கவானாவில் அந்த மூன்று நாளும் யாரும் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள்.

டோரீன் அடுப்படியில் மாட்டிறைச்சியை மெல்லிசாக அரிந்து, உப்பும் சீமைச் சீரகமும் ஒட்டிய பன்னுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கோழி இறக்கை இரண்டு தட்டு தயார். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது அவளுடைய தம்பி ஸ்டான் புலம்பிக்கொண்டிருந்தான்.

"இப்பவே சொல்றேன், மறுபடியும் தடுப்பு ஆளைத்தான் எடுக்கப் போறாங்க. போன வருஷமும் அதேதான், அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். பந்தைப் பிடிக்க ஒருத்தன் வேணும்னு அந்த ஆபீஸ்ல யாருக்காவது தோணுதா?"

"பந்து பிடிக்க ஆள் வந்துட்டா மட்டும்?" என்றாள் பக்கத்து வீட்டு வாண்டா. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மடியில் ஒரு நோட்டு. அதில் முன்னூறு ஆட்டக்காரர்களின் பெயரும் எடையும் உயரமும். "பின்னாடி காவலுக்கு ஒருத்தன் இல்லாம டிசம்பர்ல வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா?"

"மறக்கல. மறக்கத்தான் பீர் குடிக்கிறேன்."

"அப்ப அது வேலை செய்யல. நாலு மாசமா அதையேதான் பேசிக்கிட்டிருக்க."

நார்பர்ட் சிரித்தார். பிரெண்டன் காலை ஒரு வாளி மேல் நீட்டி உட்கார்ந்து, அம்மா கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டான். இடது பாதத்தில் மாட்டியிருந்த பட்டை காற்சட்டைக்குக் கீழே தெரிந்தது. பாதம் தானாக எழும்பாது. பட்டைதான் தூக்கும்.

"நம்ம டீமோட முறை வருது, சும்மா இருங்க" என்றார் நார்பர்ட்.

எல்லோரும் வாயை மூடினார்கள். திரையில் ஒருவர் மேடையேறிச் சீட்டைப் பிரித்தார். நான்காம் சுற்று. பாதுகாப்பு வரிசை. களத்தில் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளாக நிற்பவன்.

"சொன்னேனா இல்லையா?" என்று ஸ்டான் ஆரம்பித்தான்.

"குவென்டின் டாலிவர்" என்றது டி.வி.

ஸ்டானின் வாய் அப்படியே நின்றது. வாண்டா நோட்டைச் சத்தமில்லாமல் மூடினாள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அவள் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள். வேறு ஏதாவது ஊர் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

நார்பர்ட் எழுந்து போய் டி.வி.யை அணைத்தார்.

மூன்றரை வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரி மைதானத்தில், நவம்பர் மாதத்து ஆட்டத்தில், பந்தை அணைத்துக்கொண்டு ஓடிய பிரெண்டனைக் குறுக்கே பாய்ந்து வீழ்த்தியவன் அந்த டாலிவர். முழங்கால் மூட்டு பிசகி, உள்ளே ரத்தக் குழாய் கிழிந்து, கால் தப்பியதே பெரிய காரியம். அன்றோடு பிரெண்டனின் ஆட்டம் முடிந்தது.

"நல்ல தேர்வுப்பா" என்றான் பிரெண்டன்.

நார்பர்ட் திரும்பினார். "என்ன சொன்ன?"

"நல்ல தேர்வுன்னேன். மூணாவது சுற்றுலயே போயிருக்கணும் அவன்."

"உன் காலை முறிச்சவன்டா."

"நான் ஓடினேன், அவன் தடுத்தான். அவன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். நடுவர் விசில்கூட ஊதலப்பா."

"நீ வேணா பெரிய மனசுக்காரனா இரு. எனக்கு அவ்வளவு பெருசு இல்ல."

அவர் வெளியே போனார். ஸ்டான் தட்டைத் தூக்கிக் காட்டி, "மச்சான், இறக்கை ஆறிப்போகுது" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

டோரீன் கையைத் துண்டில் துடைத்தாள். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வாசலில் நார்பர்ட் தன் வண்டியின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அணிச் சின்னத்தை, சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். பல வருட வெயிலும் பனியும் பட்டு இறுகிப்போன காகிதம். சின்னச் சின்னத் துணுக்காகத்தான் வந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

"நார்ப்" என்றாள் பின்னாலேயே வந்த டோரீன்.

"திங்கட்கிழமை போய் மைதானத்துல நம்ம ரெண்டு சீட்டையும் திருப்பிக் கொடுத்துடறேன். முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்த இடம். பரவாயில்ல. அவன் உள்ள ஓடி வரும்போது நான் எழுந்து நின்னு கை தட்டணுமா? என்னால ஆகாது."

"கொஞ்சம் நிறுத்து."

"உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் டோரீன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ மட்டும் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்க்காம இருந்திருந்தா, இன்னைக்கு அவனுக்குக் காலே இல்ல. அதை நெனைச்சாலே..."

அவர் வாக்கியத்தை முடிக்காமல் மறுபடி சுரண்டினார்.

இதே வாக்கியத்தை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மாதா கோவில் வாசலில், கடைக்காரரிடம், பல் டாக்டரிடம்கூட. ஒவ்வொரு நவம்பரிலும் நன்றித் திருநாள் விருந்தில் அவர் கிளாஸைத் தூக்கி, 'என் பொண்டாட்டியோட கைக்கு' என்று சொல்லும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நான் தொட்டுப் பார்க்கல" என்றாள்.

தகடு நின்றது.

"நான் தூங்கிட்டேன் நார்ப். நாற்காலியிலேயே தூங்கிட்டேன். தொட்டுப் பார்த்தது அந்தப் பையன்."

"எந்தப் பையன்?"

"டாலிவர்."

நார்பர்ட் அவளையே பார்த்தார். கோபமா, புரியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியதால் அவள் பேசிக்கொண்டே போனாள்.

"அவனோட ஊர் ஆஸ்பத்திரிதானே அது. ஆட்டம் முடிஞ்சு நேரா நடந்தே வந்துட்டான். முட்டியில புல்லும் சேறும் அப்படியே இருந்துச்சு. உள்ள வரலாமான்னு வாசல்லயே நின்னான். போடான்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. மூட்டைச் சரியா உக்கார வெச்சுட்டாங்க, பிரெண்டன் மருந்துல தூங்குறான், நீ பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்துகிட்டிருக்க. அந்தப் பையன் கட்டிலோட கால்மாட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தான். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லன்னான்."

"அப்புறம்?"

"போர்வை விலகி இருந்துச்சாம். இழுத்து மூடப் போயிருக்கான். கை பட்டிருக்கு. இந்தக் காலைத் தொட்டான், அந்தக் காலைத் தொட்டான். என்னை எழுப்பினான். 'அம்மா, இந்தக் கால் மட்டும் ஐஸா இருக்கு'ன்னான். எனக்குப் பாதித் தூக்கம், ஒண்ணும் புரியல. அவன் காத்திருக்கவே இல்ல. வராந்தாவுல ஓடினான். நர்ஸோட கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தான். பாதத்துக்கு ரத்தம் போகலன்னு பத்து நிமிஷத்துல ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க."

நார்பர்ட் வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்கிட்ட உன்னைத்தானே சொன்னார்."

"அவரா நெனச்சுக்கிட்டார். 'உங்க மனைவி கவனிச்சதால கால் தப்பிச்சது'ன்னார். நீ போன்லயே அந்தப் பையன் கண்ணுல பட்டா என்ன பண்ணுவேன்னு தெரியாதுன்னு கத்தியிருந்த. அதனால நீ வர்றதுக்கு முன்னாடி அவனை நானே அனுப்பிட்டேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத. நீ அழுது நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். பத்து நாள்ல நன்றித் திருநாள் வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் நீ கிளாஸைத் தூக்கின."

"நாலு தடவை தூக்கியிருக்கேன்" என்றார் நார்பர்ட்.

"தெரியும். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஜன்னலுக்கு வெளியே யாரோ அணிக் கொடியை ஆட்டினார்கள். பழக்க தோஷத்தில் நார்பர்ட் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பையனைத் திட்டியிருக்கேன். ராத்திரி லாரியில தனியா போகும்போது, சத்தமா. அவன் விழணும், எழுந்திருக்கக் கூடாதுன்னு. என் புள்ளை ரெண்டு கால்ல நடந்து வேலைக்குப் போறான். அதுக்குக் காரணமானவனை உக்காந்து சபிச்சுக்கிட்டிருந்திருக்கேன். என்னை எவ்வளவு சின்னவனா ஆக்கிட்ட பாரு."

"என் மேல கோபப்படு. அதுக்கு உனக்கு உரிமை இருக்கு."

"படுவேன். இன்னைக்கு இல்ல." அவர் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் இருந்தான்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"எதாவது சாப்பிட்டானா?"

அந்தக் கேள்வியை டோரீன் எதிர்பார்க்கவே இல்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

நார்பர்ட் எழுந்து ஷெட்டுக்குள் போனார். டோரீன் பின்னால் போனாள். உள்ளே மூன்று பேரும் அணைத்த டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் நார்பர்ட். "இத்தனை வருஷமா உங்ககிட்ட எல்லாம் ஒரு கதை சொல்லிக்கிட்டிருந்தேன். அது தப்பு. இவன் காலை அன்னைக்குக் கண்டுபிடிச்சது டோரீன் இல்ல. அந்த டாலிவர் பையன். பக்கத்துல உக்காந்து, தொட்டுப் பார்த்து, ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வந்தது அவன்தான்."

வாண்டா டோரீனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதனாலேயே டோரீனுக்குத் தாங்க முடியவில்லை.

பிரெண்டன் வாளி மேலிருந்த காலை இறக்கினான். பட்டை மாட்டிய பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அவன் வந்திருந்தானா?"

"வந்திருந்தான்" என்றாள் டோரீன்.

"என்னை வந்து பார்க்கக்கூட இல்லன்னு எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சும்மா. விழுந்ததுல எனக்கு வருத்தம் இல்ல. ஒரு தடவைகூட வரலையேன்னுதான்." அவன் குரல் உயரவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"ஆமா." அவன் மூச்சை இழுத்துவிட்டான். பிறகு கை நீட்டினான். அவள் பக்கத்தில் போனதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "சரி. இப்பத் தெரிஞ்சுதே. டி.வி.யைப் போடு மாமா."

ஸ்டான் எழுந்து போட்டான். "நானும் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். "தடுப்பு ஆளு நல்ல விஷயம்தான். அடுத்த வருஷமும் ஒருத்தனை எடுக்கட்டும்."

"இதை எழுதி வெச்சுக்கிறேன்" என்று வாண்டா நோட்டைத் திறந்தாள். "தேதி போட்டு."

முதலில் சிரித்தது நார்பர்ட்தான். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனின் வீட்டைக் காட்டினார்கள். சின்ன வரவேற்பறை, சுவரோரம் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் சோபாவில் அவன், காதில் போன். அவன் அம்மா அவன் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். அவன் "சரிங்க, சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நார்பர்ட் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை நாளும் அவன் படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

"சின்னப் பையனா இருக்கானே" என்றார்.

"அன்னைக்கு இன்னும் சின்னவன்" என்றாள் டோரீன். "பதினெட்டு, பத்தொன்பதுதான் இருக்கும்."

அதற்குப் பிறகு ஷெட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள், இந்த வீட்டில் ஒரு மணி நேரம் முன்பு யாரும் யாரோடும் பேசவில்லை என்று நம்ப மாட்டார்கள். புது ஆட்டக்காரர்கள் வரும் வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வருகிறார்கள் என்று வாண்டாவுக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி மைதானத்தின் எந்த வாசல் வழியாகக் கார் உள்ளே போகும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். வருடா வருடம் அங்கே போய் நிற்கிறவள். நார்பர்ட் அன்று லீவு போடுவதாகச் சொன்னார். ஸ்டான் வீட்டுக்குள் போய், வாசலில் பிடிக்கும் பேனருக்காக, கேட்காமலேயே ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். டோரீன் அதைத் தருவதாக இல்லை, ஆனாலும் விட்டுவிட்டாள்.

விரிப்பைத் தரையில் விரித்தார்கள். டோரீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். நார்பர்ட் நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து தூரிகையை முக்கினார்.

"என்ன எழுதறது?" என்றான் ஸ்டான்.

"நன்றின்னு மட்டும். வேற என்ன இருக்கு?"

"கீழ நம்ம பேரைப் போடணும்பா" என்றான் பிரெண்டன். "இல்லன்னா அவனுக்கு எப்படித் தெரியும், எதுக்குன்னு? ஸெம்பான்னு பெருசா போடு. பார்த்த உடனே வண்டியை நிறுத்தச் சொல்லுவான்."

டோரீன் மூலையை விட்டுவிட்டாள்.

"பேரைப் போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

நார்பர்ட் தூரிகையோடு நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

"அந்தக் குளிர்காலத்துல அவன் நம்ம வீட்டுக்கு நாலு தடவை போன் பண்ணினான். மூணு தடவை நான் எடுக்கல. நாலாவது தடவை எடுத்தேன். நீ மாடியில இருந்த நார்ப். உன் காலடிச் சத்தம் கேட்டுச்சு. பயத்துல, இனிமே இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதேன்னு சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான் பிரெண்டன்.

"'சரிங்கம்மா'ன்னான். 'கால் பொழைச்சுதான்னு மட்டும் சொல்லிடுங்க'ன்னான்."

"நீ சொன்னியா?"

"போனை வெச்சுட்டேன்" என்றாள் டோரீன். நார்பர்ட் கையிலிருந்த தூரிகையிலிருந்து ஒரு சொட்டு விரிப்பின் மேல் விழுந்து பரவியது. அவர் மகனைப் பார்த்தார். மகன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரெண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பாதத்தை இழுத்து விரிப்பின் பக்கம் வந்து, சிரமப்பட்டு முழங்காலிட்டான். அப்பா கையிலிருந்து தூரிகையை வாங்கினான்.

"நகர்ந்துக்கோங்கப்பா."

முழ உயர எழுத்துகளாக, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் டப்பாவில் தூரிகையை முக்கி முக்கி எழுதினான்.

கால் நல்லா இருக்கு.

அதற்குக் கீழே தங்கள் பெயரைப் போட்டான். பெயிண்ட் காயும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. தன்னை விரட்டிய வீட்டின் பெயரை அந்த வாசலில் பார்க்கிறவன் காரை நிறுத்துவானா, பார்க்காததுபோல் உள்ளே போய்விடுவானா என்று டோரீன் நினைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் மூலையை மறுபடியும் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.